உள்ளாட்சி அறிவிப்புகள்: தண்டோரா முதல் சமூக ஊடகம் வரை

குடிநீர் வரும் நேரம், வரி செலுத்தக் கடைசி நாள், தடுப்பூசி முகாம், கூட்டம் நடக்கும் இடம் போன்ற செய்திகளை மக்களிடம் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. தமிழகத்தில் இக்கடமை நெடுங்காலம் பறையொலியால் நிறைவேறியது. இன்று கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. இம்மாற்றத்தால் ஒரு பழைய இழிவு நீங்கும் வழி பிறந்தது. அதே வேளையில் சில புதிய கேள்விகளும் எழுந்துள்ளன.

பறையறிவிப்பு

மணிமேகலையின் முதல் காதை விழாவறை காதை. அதில், புகார் நகரில் இந்திர விழா நடக்கவிருப்பதை வள்ளுவன் யானைமேல் முரசேற்றி அறிவிக்கிறான். செய்தியை ஒலியால் பரப்பும் மரபு அவ்வளவு பழமையானது. பிற்காலத்தில் ஊர்களில் இது தமுக்கடித்தல், தண்டோரா போடுதல் என வழங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி எட்டியது இம்முறையின் நன்மை. ஆனால் பறையடிக்கும் வேலை தாழ்த்தப்பட்ட மக்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவர், பல ஊர்களில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாத நிலையே இருந்தது.

சட்டம் தந்த உரிமை

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. கிராம சபை சட்டப்படியான அமைப்பானதால், அதற்கான அழைப்பு மக்களைச் சென்றடைவது ஓர் உரிமையாயிற்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை மேலும் வலுப்படுத்தியது. யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. வட்டார மொழியையும் அப்பகுதிக்கு ஏற்ற தகவல் முறையையும் கருத்தில் கொண்டு அவற்றைப் பரப்ப வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், இணையம் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுகின்றன.

தண்டோராவுக்குத் தடை

2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா வழக்கம் தொடர்வது குறித்துச் சமூக ஊடகங்களில் வந்த வேதனைக் கருத்துகளே அக்கடிதத்துக்குத் தூண்டுதலாயின. இனித் தண்டோரா வேண்டாம், வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். பறைக்கு மாற்றாக அக்கடிதம் சொன்னது கைப்பேசியை அன்று, தெருவெங்கும் கேட்கும் ஒலிபெருக்கியை என்பது கவனிக்கத்தக்கது.

சமூக ஊடக நெறிமுறைகள்

அரசு அமைப்புகள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை 2012இல் வெளியிட்டது. கணக்கை யார் தொடங்குவது, யார் பொறுப்பு, எதை வெளியிடலாம், மக்கள் கேட்டால் எவ்வாறு மறுமொழி தருவது, தனிநபர் தகவலை எவ்வாறு காப்பது ஆகியவற்றை அது பேசுகிறது.

மக்கள் பக்கத்துக்கும் ஒரு பாதுகாப்பு கிடைத்தது. எரிச்சலூட்டும் இணையப் பதிவையும் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 24.03.2015 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கியது. தெருவிளக்கு எரியவில்லை என்று கடுமையாக எழுதியதற்காக ஒருவர்மீது அப்பிரிவில் இனி வழக்குத் தொடர முடியாது.

சிற்றூர்களின் நிலை

வ. புதுப்பட்டி, விருதுநகர் மாவட்டத்தின் 9 பேரூராட்சிகளுள் ஒன்று. அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் நகராட்சிகள். ஊராட்சிகளுக்குரிய கிராம சபை இவ்வூர்களுக்கு இல்லை. நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 01.11.2022 அன்றுதான் தொடங்கின. ஆகவே இத்தகைய ஊர்களில் அறிவிப்பு எவ்வழியில் வருகிறது என்பது முக்கியமாகிறது.

வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தி குழுவில் உள்ளவருக்கே தெரியும். கைப்பேசி இல்லாத முதியவரும், விடியலில் வயலுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரும் விடுபடுவர். குழுவை நடத்துபவர் ஒருவரை நீக்கினால் முறையிட இடமில்லை. உறுப்பினரின் சொந்த எண்ணில் நடக்கும் குழு, அவரது பதவிக்காலத்தோடு முடிந்தும் போகலாம்.

இவற்றைத் தவிர்க்கச் சில எளிய விதிகள் போதும். கணக்கு, நபரின் பெயரில் அல்லாமல் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். புகாருக்குப் பதிவு எண் தர வேண்டும். குறை கூறியவரைக் காரணமின்றி நீக்கக் கூடாது. கைப்பேசியில் வந்த ஒவ்வோர் அறிவிப்பும் அலுவலகப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வர வேண்டும். தண்டோரா அனைவரையும் எட்டியது. அதன் இழிவை விலக்கி, அந்த எட்டும் தன்மையை மட்டும் காப்பதே நல்ல சமூக ஊடகக் கொள்கையின் நோக்கமாகும்.