உலர்ந்த கனியும் விழாத் தோரணமும்

விழா என்று சொன்ன அளவிலே தோரணம் நினைவுக்கு வருகிறது. தைப்பொங்கலாயினும், அம்மன் திருவிழாவாயினும், நத்தார்த் திருநாளாயினும், வாயிலை அணிசெய்யாமல் விழாக் கொண்டாடிய சமூகம் உலகில் இல்லை எனலாம். மாவிலையும் குருத்தோலையும் மலரும் ஒரு பொழுதுக்கு உரியவை, மாலையில் வாடிவிடும். காயும் கனியும் அவ்வாறல்ல. அவை உலர்ந்த பின்னரும் உருவம் மாறாது நிற்கும். சில, உலர்ந்த பின்னரே அழகு பெறும்.

தோடம்பழத்தை வட்டமாக அரிந்து உலர்த்தி நூலிற் கோத்துத் தொங்கவிடுவதும், முழுப்பழத்தில் கராம்பு குத்தி மணக்க வைப்பதும் மேல்நாட்டார் நத்தாருக்குச் செய்யும் அலங்காரங்கள். மலைநாட்டுத் துரைமார் பங்களாக்களில் தோன்றிய வழக்கம், நமக்கு உரியதன்று என்று கருதுவோர் பலர். இது பாதி உண்மைதான். மறுபாதியைக் காண வேண்டுமானால், புசல்லாவை போன்ற ஒரு மலையூரில் நின்று இரு திசையும் நோக்க வேண்டும்.

முதலில் மேற்றிசை. 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தார் வீட்டினுள் மரம் நிறுத்தி, அதிலே காகித ரோசாக்களையும் அப்பிள் பழங்களையும் மெல்லிய அப்பங்களையும் தொங்கவிட்டனர் என்று ஒரு குறிப்பு உண்டு. பழமும் பருப்புக் கொட்டைகளுமே அம்மரத்தின் ஆதி அணிகலன்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா என்னும் ஊர்க் கண்ணாடித் தொழிலாளர் பழ வடிவிலும் கொட்டை வடிவிலும் கண்ணாடிக் குண்டுகள் ஊதி விற்கத் தொடங்கினர். இன்று கடைகளில் மின்னும் பளபளப்பான உருண்டை, அந்தப் பழத்தின் நிழலேயன்றி வேறன்று. 1848இல் இலண்டன் படப் பத்திரிகை ஒன்று விக்டோரியா அரசியின் குடும்பம் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை வெளியிட்டது. அதன்பின் ஆங்கிலேயர் இல்லந்தோறும் அவ்வழக்கம் பரவிற்று. அவர்கள் சென்ற நாடுகளுக்கும் உடன் சென்றது.

கராம்பு குத்திய தோடம்பழத்தின் கதை இன்னும் பழையது. நறுமணம் நோயைத் தடுக்கும் என்று நம்பிய காலத்தில் ஐரோப்பியப் பெருமக்கள் மணப்பண்டம் அடைத்த உருண்டைகளைக் கையில் ஏந்தித் திரிந்தனர். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அதிகாரம் செலுத்திய கர்தினால் வுல்சி, உள்ளீடு நீக்கிய தோடம்பழத் தோலினுள் வினாகிரியில் தோய்த்த கடற்பஞ்சை வைத்து, மக்கள் கூட்டத்தைக் கடக்கும்போது மூக்கருகே பிடித்துக்கொள்வாராம். மன்றாட வந்த ஏழைகளின் வாடை அவருக்கு ஆகவில்லை போலும்!

இந்த அலங்காரத்துக்கு வேண்டிய மணப்பொருள்கள் ஐரோப்பாவில் விளைபவை அல்ல. கறுவா இலங்கையின் செல்வம். கராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளுக்கும் பண்டாத் தீவுகளுக்கும் உரியவை. ஒல்லாந்தர் அவற்றைத் தம் ஏகபோகமாகக் காத்துவந்தனர். 1770இல் பியேர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் அவற்றின் நாற்றுகள் இரகசியமாக மொரீசியசுக்குக் கொண்டுவரப்பட்டன. பிற்காலத்தில் இரண்டும் கண்டி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களில் வேரூன்றின. இன்று இலங்கைச் சாதிக்காயின் பெரும்பங்கு இம்மாவட்டத்தில் விளைவதே. தாவரநூலார் கணக்கில் மிளகும் ஏலமும் உலர்ந்த கனிகள், சாதிக்காய் பெயரளவில் காயாயினும் உண்மையில் வித்து, கராம்பு மலராத மொட்டு, கறுவாவோ மரப்பட்டை. அலங்காரம் செய்வோர்க்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று.

இனிக் கீழ்த்திசை. காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நடைபெற்ற இந்திர விழாவை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. யானை மீது முரசேற்றி விழாவை அறிவிப்பவன், நகர வீதிகளிலே குலை தள்ளிய பாக்குமரத்தையும் வாழையையும் கரும்பையும் நாட்டும்படி கூறுகிறான். இலையையும் பூவையும் மட்டும் அவன் சொல்லவில்லை. காய்த்த மரத்தையே கேட்கிறான். இன்றும் மணப்பந்தலின் முகப்பில் வாழைக்குலையோடு கமுகங்குலையும் தொங்குவது அந்தத் தொடர்ச்சியே. கமுகங்குலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விழா முடிந்தும் அது வாடுவதில்லை. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, மெல்ல உலர்ந்து பழுப்பேறும். அதன்பின் உரித்துச் சீவினால் வெற்றிலைத் தட்டுக்குப் பாக்கு. அலங்காரமும் பயனும் ஒன்றாய் அமைந்த பொருள் அதனினும் வேறு எது?

பாக்கு கண்டி மலைக்குப் புதிதன்று. கண்டி இராச்சியம் 1815இல் வீழும் வரை அம்மலைகளின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று பாக்கே. முஸ்லிம் வணிகர் மாட்டுத் தவளங்களில் அதனைத் துறைமுகங்களுக்கு இறக்கி, திரும்பும்போது உப்பும் கருவாடும் ஏற்றி வந்தனர். அங்கிருந்து அது சோழமண்டலக் கரைக்குச் சென்றது. தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் தாம்பூலத் தட்டில் வைத்த பாக்கிற் சில, கண்டி மலையில் விளைந்தவையாய் இருந்திருக்கக்கூடும். ஆக, தமிழ்த் தொழிலாளி இம்மலைக்கு ஏறி வருமுன்னரே, இம்மலையின் காய் தமிழகத்துக்கு இறங்கிப் போயிருந்தது.

புசல்லாவை கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அமைந்த ஊர். 1841ஆம் ஆண்டளவில் றொத்சைல்ட் வங்கிக் குடும்பத்து உறவினரான வோம்ஸ் சகோதரர் இங்கே கோப்பித் தோட்டம் அமைத்தனர். சீனத்துத் தேயிலைச் செடிகளையும் நட்டுப் பார்த்தனர். றொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கோப்பிக்காலத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து போவோர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலும் பேதியும் வழியிலே பலரைக் கொண்டுபோயின. ஆண்டின் பிற்பகுதியில் கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் உயிரோடிருந்தோரிற் பலர் ஊர் திரும்பினர். அவர்களுடைய விழா ஊரிலே, தோரணமும் ஊரிலே.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. தேயிலைக்குப் பருவம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் தங்கலாயின. மலைநாட்டுத் தமிழர் வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பம் இல்லை என்றே கொள்ளலாம். தை பிறந்தபோது அவர்கள் இங்கேயே இருந்தனர். பொங்கற் பானை லயத்து வாசலிலேயே ஏறிற்று. மாரியம்மனுக்குத் தோட்டத்திலேயே கோயில் எழுந்தது. ஒருவர் எங்கே தோரணம் கட்டுகிறாரோ அங்கேதான் அவர் வீடு. ஆனால் சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் விவகாரம் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது.

நத்தாரும் பங்களாவோடு நின்றுவிடவில்லை. 1854இல் கண்டியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களிலே தமிழ்ச் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவிற்று. கத்தோலிக்கக் குடும்பங்களும் பல இருந்தன. ஒரே லயத்தில் ஒரு வாசலில் மாவிலை, மறு வாசலில் நத்தார் நட்சத்திரம் என்பது மலைநாட்டில் வியப்பான காட்சி அன்று.

இத்தகைய அலங்காரத்தைச் செய்ய விரும்பும் நேயர்களுக்குச் செய்முறையும் சிறிது சொல்ல வேண்டும். புசல்லாவையில் பகை மூடுபனியே. முற்றத்து வெயிலை நம்பிப் பழம் உலர்த்தினால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அடுப்புக்கு மேலுள்ள பரணே இங்கு உகந்த இடம். தோடம்பழத்தைக் கால் அங்குலக் கனத்தில் அரிந்து, துணியால் ஒற்றி ஈரம் நீக்கி, கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமற் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்ட வேண்டும். தோலின் வெண்பகுதியும் விறைத்தால்தான் உலர்ந்தது என்று பொருள். நம் நாட்டுத் தோடம்பழம் பழுத்தும் பச்சை மாறாதது. இரவுக் குளிர் போதாமையே அதற்குக் காரணம். ஆயினும் உலர்ந்த வட்டத்தை விளக்கொளியில் பிடித்தால் தேன் நிறம் காட்டும்.

முழுப்பழத்தில் கராம்பு குத்துவோர் முதலில் ஊசியால் துளையிட்டுக்கொள்க. கராம்புகளை நெருக்கிக் குத்தலாகாது. பழம் சுருங்கும்போது தோல் வெடிக்கும். குத்திய பழத்தைக் கறுவாத் தூளில் புரட்டி, மூன்று நான்கு வாரம் பரணில் வைத்தால் கனம் குறைந்து மரக்கட்டை போலாகும். கராம்பெண்ணெய் பூஞ்சணத்தை ஓரளவு தடுப்பதனால், முழுப்பழம் அழுகாமல் உலர்வதற்கு வழி உண்டாகிறது. இடையிடையே பாக்கும் சாதிக்காயும் கறுவாச் சுருளும் கோத்தால், தோரணத்திலே கண்டி மாவட்டத்துத் தோட்டம் ஒன்று முழுதும் தொங்கும். விழா முடிந்ததும் மூடி இறுகிய தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்ச ஒரு பிடி காய்ந்த அரிசி இட்டு வைக்க வேண்டும். வைகாசி மழை தொடங்குமுன் ஒரு நாள் வெளியே எடுத்து அடுப்பருகே காய விட்டால், அடுத்த மார்கழிக்கும் அதே தோரணம் உதவும்.