36 சைக்கிள், 10,200 டாலர், ஒரு மெட்ராஸ் டாக்டர்

"ஏம்ப்பா, நீ சைக்கிள் மிதிச்சா எவனுக்கோ வந்த கேன்சர் எப்படிப்பா சரியாவும்? காசு குடுக்கணும்னா நேரா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

ஊரிலிருந்து பெரியப்பா போனில் கேட்டது. நியாயமான கேள்விதான். வர்ற ஆகஸ்ட்ல பான்-மாஸ் சேலஞ்ச் என்கிற சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டர்பிரிட்ஜில் கிளம்பி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காட் முனையில் உள்ள பிராவின்ஸ்டவுன் வரை, ரெண்டு நாளில் சுமார் 300 கிலோமீட்டர். வசூலாகும் பணம் பாஸ்டனில் இருக்கும் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகும். பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியா இல்லை. சரி, இது எப்படி ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டினா நம்ம மெட்ராஸ் வந்து நிக்குது!

கதை 1947-ல் தொடங்குது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு நோய்க்கூறு மருத்துவர். அந்தக் காலத்தில் குழந்தைக்குத் தீவிர ரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரமோ சில மாசமோதான். செல் வளர ஃபோலிக் அமிலம் வேணும். அதைத் தடுத்தால் புற்றும் அடங்குமான்னு அவருக்கு ஒரு யோசனை. அந்தத் தடுப்பு மருந்துகளைச் செய்து கொடுத்தது லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர் யார்? எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். அப்போ அது மதராஸ் மாகாணம். மெட்ரிகுலேஷன் மூணாவது தடவையில்தான் பாஸ், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. கதர் உடுத்தினதுக்காக வெள்ளைக்காரப் பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோட வெளியே வந்தவர். 1923-ல் பாஸ்டன் வந்து, ஹார்வர்டில் பெரிய பெரிய வேலையெல்லாம் செய்தும் நிரந்தரப் பதவி கிடைக்கலை. 1940-ல் லெடர்லிக்குப் போனார்.

அந்தக் கூடத்திலிருந்து வந்த அமினோப்டெரினை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. அதன் தலைப்பிலேயே 'தற்காலிகமான' என்ற சொல் இருக்குங்க. ஆமாம், எல்லோருக்கும் நோய் திரும்பி வந்தது. ஆனா அதுவரை இருந்த பூட்டு முதல் தடவையா கொஞ்சம் அசைஞ்சது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயசில் இறந்துபோனார்.

மருந்துக்கு வழி தெரிஞ்சாச்சு, பணம்? 1948 மே 22 அன்று ரால்ஃப் எட்வர்ட்ஸ் தன் வானொலி நிகழ்ச்சியில், ஃபார்பரிடம் சிகிச்சையில் இருந்த 12 வயசுப் பையனோட பேசினார். அடையாளம் தெரியக்கூடாதுன்னு 'ஜிம்மி' என்று பேர் வைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் அவன் அறைக்குள்ளேயே வந்து நின்றார்கள். மேட்ச் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேணும். 20,000 டாலர் சேர்ந்தால் டிவி என்று அறிவிப்பு. வந்தது 2,31,000 டாலருக்கும் மேல்! ஜிம்மி நிதி பிறந்தது இப்படித்தான். பையன் செத்திருப்பான்னுதான் ரொம்ப பேர் நினைச்சாங்க. 1998-ல் ஐனார் கஸ்டாஃப்சன் என்ற லாரி டிரைவர், அந்த ஜிம்மி நான்தான்னு வந்து நின்றார் :-) அதுக்கப்புறம் 2001 வரை இருந்தார்.

இனி சைக்கிள். பில்லி ஸ்டார் என்பவரோட அம்மா 1974-ல் தோல் புற்றுநோயில் போனாங்க. வயசு 49. 1980-ல் அவர் 36 பேரைச் சேர்த்துக்கிட்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை சுமார் 350 கிலோமீட்டர் மிதித்தார். சேர்ந்தது 10,200 டாலர். ஜிம்மி நிதிக்குக் கொடுத்தார்கள். அந்த ஊர்வலம் நிற்கவே இல்லை. 2024-ல் ஒரே வருஷத்தில் 7.5 கோடி டாலர். அதோடு மொத்த வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஜிம்மி நிதியின் வருட வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தச் சைக்கிள்காரர்கள் கொண்டுவருவதுதான்.

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம். ஏன் மிதிக்கணும்?

ஏப்ரலில் 40 கிலோமீட்டரில் ஆரம்பிச்சேன். பழைய ரயில் தடத்தில் போட்ட மினிட்மேன் பாதையில் போய்த் திரும்பி வந்தாலே தொடையில் பிடிப்பு. மே கடைசியில் 80. இப்போ ஜூனில் 100 தாண்டியாச்சு. முதல் நாள் மட்டும் 170 கிலோமீட்டருக்கு மேல், அதில் ஆரம்ப மேடுகள் மூச்சை வாங்கும் என்று போனவர்கள் சொல்றாங்க. ஆனா நிஜமான பரீட்சை ரெண்டாம் நாள் காலை. வலிக்கிற உடம்போட, அதே சீட்டில், இருட்டு விலகும் முன் மறுபடி உட்காரணும். அதனால இப்போ சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தொடர்ந்து ஓட்டறேன். பசிக்கும் முன் சாப்பிடணும், தாகம் எடுக்கும் முன் குடிக்கணும். ஒரு வாரம் விட்டா ரெண்டு வாரம் பின்னாடி போகுது.

நேராகக் கொடுத்திருந்தா 200 டாலர் கொடுத்துட்டு மறந்திருப்பேன். இங்கே ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான டாலர் திரட்டுவதாக ஒப்புக்கொள்ளணும்; குறைஞ்சா மிச்சம் நம்ம கடன் அட்டையிலேயே கழிச்சுக்குவாங்க. ஆக, கேட்டே ஆகணும். சும்மா போய்க் கேட்க எனக்கு வாய் வராது. ஆனா திங்கட்கிழமை நான் நொண்டிக்கிட்டு ஆபீஸ் வந்தா, அவங்களே "என்னாச்சு?"ன்னு கேட்கிறாங்க. சொன்னா, முக்கால்வாசிப் பேர் பணத்துக்கு முன்னாடி ஒரு பேரைச் சொல்றாங்க. அம்மா பேர், தம்பி பேர். எட்டு வருஷமா பக்கத்து சீட்டில் இருப்பவர் அன்னிக்குத்தான் தன் மனைவி எப்படிப் போனாங்கன்னு சொன்னார். இதுவரை 63 பேர் கொடுத்திருக்காங்க. மிதிப்பது என் கால், ஆனா ஒரு நூறு வீட்டுத் துக்கம் வாய் திறந்து பேச அது ஒரு சாக்கு. 1948-ல் அந்த வானொலிப் பேச்சு செய்ததும் அதேதான்னு தோணுது.

அந்த 'தற்காலிகம்' என்ன ஆச்சு? ஒரு மருந்தோட இன்னொண்ணு, அதோட இன்னொண்ணுன்னு வருஷக்கணக்கா சேர்த்துச் சேர்த்து, இன்னிக்கு அமெரிக்கா மாதிரி நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகமா வரும் ரத்தப் புற்றுநோயில் 10-ல் 9 பேர் பிழைக்கிறாங்க. அமினோப்டெரினோட தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்னும் அந்தச் சிகிச்சையில் இருக்கு. என் நண்பரோட ஏழு வயசுப் பொண்ணு வாரம் ஒரு நாள் அந்த மாத்திரையை முழுங்குறா. முகத்தைச் சுளிச்சுக்கிட்டேதான் முழுங்குறா. போன மாசம் பள்ளிக்கூடம் திரும்பப் போக ஆரம்பிச்சுட்டா.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த சுப்பாராவ் நம்ம மெட்ராஸ்ல படிச்சவரா?"ன்னு கேட்டார். 64-வது ஆள் அவர்தான்.