முதல் தமிழ் அச்சேடும் தம்பிரான் என்னும் சொல்லும்

பழைய அச்சேடுகளைப் பயில்வார்க்கு, அவை கூறும் பொருளினும் அவற்றின்கண் கிடக்கும் சொல்லும் எழுத்துமே ஒரோவழிப் பேரின்பம் பயப்பனவாம். இதற்குச் சான்றாவது, கி.பி. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற ‘தம்பிரான் வணக்கம்’. போர்த்துக்கேய மொழியினின்றும் பெயர்க்கப்பெற்ற இக்கிறித்துவ நூல் 16 பக்கங்களே உடையது. தமிழெழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே முற்பட்டது. இதன் படி அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

இதனை ஆக்கியவர், முத்துக்குளித்துறையில் ஏறக்குறைய ஐம்பதாண்டு வாழ்ந்து 1600-இல் மறைந்த அன்றிக் அடிகள். அவர் பெயர் நூலின்கண் ‘அண்டிறிக்கி’ எனத் தமிழ் நாவிற்கு இயைந்து நிற்கின்றது. ‘பாதிரியார்’ என்புழிப் போர்த்துக்கேயச் சொல் தமிழ் உயர்வு விகுதி பெற்றது.

இவற்றினும் வியக்கத்தக்கது தலைப்பே. சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்பது சைவ வழக்கு. ஆண்டுத் தம்பிரான் என்றது சிவபெருமானை. திருமடத்துத் துறவியர்க்கும் அப்பெயர் வழங்கும். கொல்லத்தைச் சூழ்ந்த மலைநாட்டில் ‘தம்புரான்’ என்பது அரசரையும் தலைவரையும் குறிக்கும். வேற்றுச் சமயத்தார் ஒருவர் தம் கடவுளைத் தமிழர்க்கு உணர்த்தப் புகுந்த ஞான்று, புதுச்சொல் படையாது, மக்கள் நாவில் வழங்கிய தலைமைச் சொல்லையே எடுத்தாண்டார். அச்சொல் அந்நாளில் எத்துணைப் பரந்து வழங்கிற்று என்பதற்கு இத்தலைப்பே கரியாயிற்று.

இனி எழுத்தியல்பு நோக்குக. மெய் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரங்களும் அவ்வாறே பெறும் என்பதும் தொல்காப்பிய விதி. ஆயின் ஓலையில் எழுதுவோர் புள்ளியிடாமை பெருவழக்கு. அவ்வழக்கே அச்சினும் புகுந்தது. ஆதலின் தலைப்பு ‘தமபிரான வணககம’ என நிற்கும். நெருப்பாகிய எரிக்கும் நீர்நிலையாகிய ஏரிக்கும் அந்நாளில் வடிவு ஒன்றே. இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். அவ்வேற்றுமையைப் பிற்காலத்து வரிவடிவிற் காட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்ப.

இத்தகைய ஏட்டைப் புதுக்கிப் பதிப்பிப்பார், பிழையெனக் கருதிப் புள்ளியிட்டுச் சொல்லையும் திருத்திவிடின், படித்தல் எளிதாம், வரலாறோ மறையும். மூலத்தின் வடிவை உள்ளவாறே காட்டித் திருத்தத்தை வேறாக வைத்தலே முறை. அச்சுப்பிழை என ஒதுக்கப்படுவது பண்டை வழக்காதலும் உண்டு. ஆராய்ந்து துணிதல் அறிஞர் கடன்.