பூட்டிய வீடும் கடன் பத்திரமும்

கல்கத்தாவின் தென்பகுதியில் வாழ்ந்த, வாழ்கின்ற தமிழ் நேயர்களுக்கு லேக் மார்க்கெட்டைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கும் அந்த அங்காடியைச் சுற்றியே நம்மவர் பல குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருந்து வந்திருக்கின்றன. அங்கிருந்து தெற்கே யாதவ்பூரை நோக்கிச் சென்றால் இடப்பெயர்களின் சாயலே மாறிவிடும். விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர், காந்தி காலனி என்று வரும். வெற்றிக் கோட்டை, விடுதலைக் கோட்டை என்பன முதலிரண்டின் பொருள். எந்த அரசனும் அங்கே கோட்டை கட்டியதில்லை. மூங்கிலும் கோரைப்பாயும் கொண்டு ஓரிரவில் எழுப்பிய குடிசைகளுக்கு இப்பெயர்களை இட்டவர்கள், வீடிழந்து வந்த அகதிகள். அவர்கள் ஏன் வெற்று நிலத்தில் குடிசை போட நேர்ந்தது? அதே நகரத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இவ்விரு கேள்விகளுக்கும் விடை அந்நாளைய அரசாங்க விதிகளில் இருக்கிறது.

1947 ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது பஞ்சாபில் மக்கள் பெயர்ச்சி சில மாதங்களுக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அங்கிருந்து போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பதை இரு அரசாங்கங்களும் ஏற்றுக்கொண்டன. ஆகவே டில்லியின் கரோல் பாக், பஹார்கஞ்ச் முதலிய பகுதிகளில் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற வீடுகளை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1950 ஆம் ஆண்டின் 31 ஆவது சட்டம் அவற்றைக் காவலதிகாரி ஒருவரின் கையில் ஒப்படைத்தது. அகதிகள் பாகிஸ்தானில் இழந்த சொத்துக்கு மதிப்புக் கோரி மனுச் செய்யவும், அதை அதிகாரிகள் சரிபார்க்கவும் அதே ஆண்டில் வேறொரு சட்டம் வகை செய்தது. 1954 இல் வந்த நஷ்ட ஈட்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. விட்டுச் சென்ற வீடுகளின் உரிமையையே மத்திய அரசாங்கம் கையகப்படுத்தி, அவற்றையும் ரொக்கத்தையும் சேர்த்து ஒரு பொது நிதியாக்கிற்று. சிறிய கோரிக்கைகளுக்கு அதிக விகிதத்திலும் பெரியவற்றுக்குக் குறைந்த விகிதத்திலும் அந்நிதியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. மதிப்புக் குறைந்த வீட்டில் குடியிருந்த அகதிக்கு அவ்வீடே தனக்குரிய ஈட்டில் கழிக்கப்பட்டுச் சொந்தமாயிற்று. பெரிய வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

வங்கத்தின் கதை வேறு. 1950 ஆம் ஆண்டின் சட்டம் மேற்கு வங்கத்துக்கும் அஸ்ஸாமுக்கும் திரிபுராவுக்கும் பொருந்தாது என்று அதன் முதற்பிரிவிலேயே எழுதியிருந்தது.

இதற்குக் காரணம் அலட்சியம் ஒன்றே என்று கூறிவிட முடியாது. 1950 தொடக்கத்தில் கிழக்குப் பாகிஸ்தானில் கலவரம் மூண்டது. கல்கத்தாவிலும் ஹௌராவிலும் அதன் எதிரொலியாக முஸ்லிம் குடும்பங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடின. அப்படிப் பூட்டிய வீடுகள் பலவற்றில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அகதிகள் புகுந்தனர். அந்த நெருக்கடியில்தான், 1950 ஏப்ரல் 8 ஆம் நாள், டில்லியில் நேருவும் லியாகத் அலிகானும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அந்த ஆண்டு டிசம்பர் 31 ஆம் தேதிக்குள் திரும்பி வருபவர்க்கு அவருடைய வீடும் நிலமும் திருப்பித் தரப்பட வேண்டும். திரும்பாதவருக்கும் சொத்துரிமை நீங்காது. அவர் அதை விற்கலாம், எல்லைக்கப்பால் உள்ள ஒருவரின் சொத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சிறுபான்மையோரின் பிரதிநிதிகள் மூவரும், தலைவராக அரசாங்கப் பிரதிநிதி ஒருவரும் கொண்ட குழு, உரிமையாளரின் சார்பில் வாடகை வசூலிக்கலாம். இந்த ஒப்பந்தத்தை ஏற்காமல் சியாமா பிரசாத் முகர்ஜியும் க்ஷிதீஷ் சந்திர நியோகியும் மத்திய மந்திரி சபையிலிருந்து விலகினர். மேற்கு வங்கச் சட்டசபை 1951 இல் இதற்கேற்ப ஒரு சட்டம் இயற்றிற்று.

இந்த விதியை எளிதாகப் பழித்துவிடலாகாது. எளிய முஸ்லிம் தொழிலாளி ஒருவர் அச்சத்தால் ஓடி, ஆறு மாதம் கழித்து மனைவி மக்களுடன் திரும்பி வரும்போது, "உன் வீடு சர்க்காருடையதாகிவிட்டது" என்று சொல்லாத விதி அது. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. வங்கத்து அகதியின் டாக்கா வீடும் பரிசால் தோட்டமும் சட்டப்படி இன்னும் அவருடையவையே. ஆகையால் அவர் எதையும் இழந்தவரல்லர். ஆகையால் அவருக்கு நஷ்ட ஈடு கிடையாது! என்றேனும் ஒரு நாள் அவர் திரும்பிப் போவார் என்ற எண்ணம் டில்லியில் பல ஆண்டுகள் நிலவியது. 1951 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்கத்தில் இருந்த அகதிகள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். கல்கத்தா நகரத்தில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். இத்தனை பேருக்கும் நஷ்ட ஈட்டுக்குப் பதிலாகக் கிடைத்தது கடன்.

மனை வாங்கவும் வீடு கட்டவும் சிறுதொழில் தொடங்கவும் மத்திய அரசாங்கம் மாநிலத்துக்குப் பணம் அளித்தது. மாநிலம் அதை அகதிக்குக் கடனாகத் தந்தது. வீடு கட்டக் கடன் வேண்டுமென்றால் மனை தம்முடையதென்று காட்டப் பத்திரம் வேண்டும். மனை வாங்க வகையில்லாதவர் பத்திரத்துக்கு எங்கே போவார்? மேற்குப் பகுதி அகதிக்கு வீடு ஈடாக வந்தது; கிழக்குப் பகுதி அகதிக்கு, அதுவும் பத்திரம் காட்ட வல்லவருக்கு மட்டும், வீடு கடனாக வந்தது. ஒரே மந்திரி அலுவலகம், ஒரே கஜானா, இரண்டு நியாயம்.

இந்த நிலையில் மக்கள் தாமே வழி தேடிக்கொண்டனர். யாதவ்பூரில் யுத்த காலத்து ராணுவ முகாம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதில் குடியேறியவர்களே விஜய்கட்டை உருவாக்கினர். 1949 இறுதியிலிருந்து, விலை ஏறட்டும் என்று பெருநிலக்காரர் வைத்திருந்த தரிசுகளில் இரவோடிரவாக மனைகள் அளக்கப்பட்டன. போலீசாரோ நிலக்காரரின் அடியாட்களோ வந்தால், பெண்கள் சங்கூதி எச்சரிப்பார்கள். மங்கல காரியத்துக்கு ஊதும் சங்கு போர்ச்சங்காயிற்று. கத்ஜு நகர் என ஒரு குடியிருப்புக்கு அந்நாளைய கவர்னரின் பெயரையே சூட்டியதை எண்ணும்போது, அகதிகளின் சாமர்த்தியத்தைக் கண்டு புன்னகை பூக்காமல் இருக்க இயலவில்லை.

முதன்மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராயின் அரசாங்கம் 1951 இல் இவர்களை வெளியேற்ற ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. அகதிகள் சங்கங்கள் ஒன்றுகூடி ஊர்வலமும் கூட்டமும் நடத்தின. மசோதா திருத்தப்பட்டது, அதன் பெயரிலேயே புனர்வாழ்வு முன்னும் வெளியேற்றம் பின்னுமாக அமைந்தது. மாற்று நிலமோ வீடோ தராமல் அகதியை அகற்றலாகாது. அந்த மாற்றிடமும் அவர் அப்போது செய்துவரும் தொழிலைத் தொடர ஏற்றதாக இருக்க வேண்டும். தட்டச்சுக்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கல்கத்தாவை விட்டால் பிழைப்பு ஏது? ஆகவே அச்சட்டத்தைக் கொண்டு அவர்களைப் பெயர்ப்பது அரிதாயிற்று. 1950 டிசம்பர் 31 வரை எழுந்த காலனிகளுள் 149 பின்னர் அங்கீகாரம் பெற்றன.

அங்கீகாரம் வேண்டுமானால் நிலத்தை அரசாங்கம் வாங்கியாக வேண்டும். இங்கேதான் நம் தமிழ்நாட்டார் ஒருவர் கதைக்குள் வருகிறார். அகதிகளைக் குடியேற்ற நிலம் எடுப்பதற்கென்று 1948 இல் மேற்கு வங்கம் இயற்றிய சட்டம், நிலத்தின் விலையை 1946 டிசம்பர் 31 ஆம் தேதிய மதிப்புக்கு மேற்படாமல் கட்டியிருந்தது. அகதிகள் வருகையால் ஏறிய விலையை நிலக்காரர் அடையலாகாது என்பதே கருத்து. பேலா பானர்ஜி என்னும் அம்மையார் முதலியோர் வழக்காடினர். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்ற மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1953 டிசம்பர் 11 அன்று தீர்ப்பை வழங்கியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வழக்கறிஞராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். ஈடு என்றால் எடுக்கப்பட்டதற்குச் சரிநிகரானதாக இருத்தல் வேண்டும். பழைய தேதி ஒன்றில் விலையை நிரந்தரமாக நிறுத்திவைத்தல் செல்லாது என்றார் அவர். சட்டத்தின் வழியில் தீர்ப்புப் பழுதற்றது. ஆயினும் ஏறிய விலையை யார் கொடுப்பது? 1955 இல் பாராளுமன்றம் அரசியல் சாசனத்தை நான்காம் முறை திருத்தி, ஈடு போதுமா போதாதா என்ற கேள்வியையே நீதிமன்றங்களின் கையிலிருந்து எடுத்துவிட்டது. யாதவ்பூர்ப் பக்கத்துக் குடிசைகளின் பிரச்சினை இவ்வாறு நாட்டின் சாசனத்தையே தொட்டது.

கைவிட்ட சொத்தும் கிடைக்காத ஈடும் நமக்குப் புதியவை அல்ல. 1930 களில் நெல் விலை வீழ்ந்தபோது, கடன் கட்ட இயலாத குடியானவர்களின் வயல்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவ்வாறு அவர்களுடையதாயிற்று. 1942 இல் ஜப்பானியப் படை வந்ததும் அந்நிலத்தையும் வீட்டையும் விட்டுத் தமிழர் ஓடிவந்தனர். மலைவழியே நடந்தவர்களில் பலர் கல்கத்தா வழியாகத்தான் ஊர் சேர்ந்தனர். பின்னர்ப் பர்மா சர்க்கார் நிலங்களை நாட்டுடைமையாக்கியது. பெட்டிக்குள் பத்திரம் இருந்தது, சொத்து இல்லை. ஆகையால் டாக்கா வீட்டுச் சாவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆசாத்கட்டில் குடியிருந்த முதியவரின் மனநிலை செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றுக்கு நன்கு புரிந்திருக்கும்.

அங்கீகாரம் பெற்ற காலனிகளிலும் உரிமைப் பத்திரம் எளிதில் வரவில்லை. 1976 இல் ஒரு குழு, 1950 க்குப் பின் 1971 வரை தோன்றிய காலனிகளுள் 175 ஐக் கணக்கில் கொண்டது. பிற்பாடு மேலும் 607 பட்டியலில் சேர்ந்தன. முதலில் 99 ஆண்டுக் குத்தகை என்றார்கள். குத்தகையென்றால் சொந்தமில்லை என்று மக்கள் மறுத்தனர். 1980 களின் பிற்பகுதியில்தான் நிபந்தனையற்ற முழு உரிமைப் பத்திரங்கள் வழங்கத் தொடங்கினர். அதற்குள் மூங்கில் குடிசை போட்ட தலைமுறையில் பலர் மறைந்துவிட்டனர்.

பூட்டிய வீடுகள் என்னவாயின? சில திரும்பியவர்களிடம் சேர்ந்தன; சில எல்லைக்கு இருபுறமும் தனி மனிதர்களிடையே கைமாறின. 1965 யுத்தத்துக்குப் பின், பாகிஸ்தான் பிரஜைகளின் வீடுகள் பகைநாட்டுச் சொத்து என்ற பெயரில் காவலதிகாரியிடம் சென்றன. 1968 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றின் மீது வாரிசுரிமை கோரும் வழியையும் அடைத்துவிட்டது. மேற்கில் அகதிகளுக்கு ஈடளித்த 1950, 1954 ஆம் ஆண்டுகளின் சட்டங்களோ வேலை முடிந்ததென்று 2005 இல் நீக்கப்பட்டன. யாதவ்பூர்ப் பக்கத்துக் காலனி மனைகளில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆனால் இன்றும் அம்மனைகளில் ஒன்றை வாங்குபவரின் வழக்கறிஞர், மூலப்பத்திரம் அகதிகள் புனர்வாழ்வு இலாகா கொடுத்ததுதானா என்று பார்த்த பின்பே அடுத்த தாளைப் புரட்டுகிறார்.