மூன்று வருடக் கெடு

பாலியல் குற்றத்துக்கு வழக்குப் போட காலக்கெடு உண்டா? கொலைக்கே இல்லாதபோது இதற்கு எப்படி இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இந்தியாவில் இருந்தது நண்பர்களே. கொஞ்சம் இன்றும் இருக்கிறது.

1898-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான கெடு எதுவும் இல்லை. 1973-இல் வந்த புதிய சட்டத்தின் 468-ஆவது பிரிவுதான் அதைக் கொண்டுவந்தது. நாளாக ஆக சாட்சிகளின் ஞாபகம் மங்கிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அபராதம் மட்டும் என்றால் 6 மாதம், 1 வருட சிறை வரை என்றால் 1 வருடம், 3 வருட சிறை வரை என்றால் 3 வருடம். அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கெடு கிடையாது.

அதனால் வன்புணர்ச்சி வழக்குக்குக் கெடு இல்லை. ஆனால் மானபங்கம் பற்றிய 354-ஆவது பிரிவுக்கு அப்போது அதிகபட்சம் 2 வருட சிறைதான். ஆக, 3 வருடத்தில் கதவு மூடிவிடும். குழந்தைகளுக்கென்று தனிச்சட்டமும் 2012 வரை இல்லை. யோசித்துப் பாருங்கள்... பத்து வயதில் தவறாகத் தொடப்பட்ட சிறுமிக்கு, நடந்தது என்னவென்று முழுதாகப் புரியும் முன்பே, 13 வயதில் கெடு முடிந்துவிடும்! தாமதத்தை மன்னிக்க 473-ஆவது பிரிவு இடம் தந்தது உண்மைதான். ஆனால் அது நீதிமன்றம் பார்த்துக் கொடுப்பது, கேட்டால் கிடைத்தே தீரும் உரிமை அல்ல.

2013-இல் 354-இன் தண்டனை 5 வருடம் வரை உயர்ந்தது. 468-இல் ஒரு எழுத்துகூட மாறாமலே கெடு போய்விட்டது. ஆனால் அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, கூட்டிய தண்டனை பழைய சம்பவங்களுக்குப் பொருந்தாது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் 514-ஆவது பிரிவாக அதே கணக்குதான். ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுப்பதற்கு 1 வருடம் வரைதான் சிறை, கெடுவும் 1 வருடம்தான். சட்டம் தண்டனையின் நீளத்தை அளக்கிறது. வாய் திறக்க எத்தனை வருடம் ஆகும் என்பதை எப்போது அளக்கப் போகிறது?