கியூரிக் காப்பி இயந்திரம்

கியூரிக் என்பது ஒரு முறைக்கு ஒரு குவளை காப்பி மட்டும் வடிக்கும் அமெரிக்க இயந்திரம். அலுவலகப் பானையில் நெடுநேரம் கிடந்து கசந்துபோகும் காப்பிக்கு மாற்றாக 1998-இல் விற்பனைக்கு வந்தது, வீடுகளுக்கு 2004-இல். தூள் அடைத்த சிறு நெகிழிக் கிண்ணத்தை ஊசி துளைக்க, வெந்நீர் உட்புகுந்து வடியும்.

நிறுவனத்தின் வருவாய் பெரிதும் கிண்ணத்தில்தான் இருந்தது. கிண்ணத்தின் முக்கியக் காப்புரிமைகள் 2012-இல் முடிந்ததும் பிறரும் மலிவாக விற்கத் தொடங்கினர். 2014-இல் வந்த கியூரிக் 2.0, மூடியின் மையை ஒளியால் சோதித்து, உரிமம் பெறாத கிண்ணங்களை மறுத்தது. சொந்தத் தூள் நிரப்பும் வடிகட்டியும் அதில் இயங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவரின் தூளையே இயந்திரம் மறுத்தது விந்தைதான். உரிமம் பெற்ற மூடியை வெட்டி ஒட்டிப் பலர் அதை ஏமாற்றினர். இயந்திர விற்பனை சரிந்தது. 2015-இல் அந்த வடிகட்டியைத் திரும்பக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது.