பெங்களூரு குளிரில் பைக் ஸ்டார்ட் ஆகலையா? பழியைக் குளிர் மேல் மட்டும் போடாதீங்க

டிசம்பர் வந்துவிட்டால் பெங்களூரு பிஜி, அபார்ட்மென்ட் பார்க்கிங்குகளில் காலையில் ஒரு சத்தம் கேட்கும். செல்ஃப் மோட்டார் 'கிர்ர்... கிர்ர்...' என்று சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. 'குளிர்ல அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு ஆட்டோ புக் பண்ணுகிறோம். ஆனால் இந்த ஊர்க் குளிருக்கு ஒரு பைக்கை நிறுத்திவைக்கும் அளவுக்கு வலு இருக்கிறதா?

பெங்களூரு குளிர் எவ்வளவு?

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நகரம் இது. ஜனவரியில் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 16 டிகிரி செல்சியஸ். அதே மாதத்தில் சென்னையில் சுமார் 21. பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான். அதுவும் 1884 ஜனவரியில்.

பெட்ரோலோ, மைனஸ் 40 டிகிரிக்கு அருகில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள். அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டி 15 டிகிரியில் ஸ்டார்ட் ஆகியே தீரணும். ஆகவில்லை என்றால், ஏற்கெனவே இருந்த கோளாறைக் குளிர் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

குளிரில் மூன்று விஷயங்கள் மாறும். ஒன்று, பெட்ரோல் ஆவியாவது குறையும். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். அதனால் ஸ்டார்ட் செய்யும்போது வழக்கத்தைவிட அதிக பெட்ரோல் தேவை. இரண்டு, இன்ஜின் ஆயில் கெட்டியாகி, மோட்டார் சுற்றக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். மூன்று, பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, அது தரும் மின்சாரம் குறையும்.

இளசான பேட்டரி இதைச் சமாளிக்கும். மூணு, நாலு வருஷம் உழைத்த பேட்டரி, ஏப்ரலில் எப்படியோ ஓட்டிவிட்டு ஜனவரியில் கையை விரிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது இது இன்னும் மோசமாகும். சும்மா நிற்கும் வண்டியிலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருந்தால் இன்னும் வேகமாக.

உங்கள் வண்டி எந்த வகை?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதற்கு முந்தைய பல கம்யூட்டர் பைக்குகளில் கார்புரேட்டர்.

*கார்புரேட்டர் என்றால்:* சோக்கை முழுசா இழுங்க. ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஸ்டார்ட் செய்யுங்க. இன்ஜின் பிடித்ததும் சோக்கைப் பாதியாக்கி, சீராக ஓடத் தொடங்கியதும் மூடிவிடுங்க. சோக்கோடு ஆபீஸ் வரை போனால் பெட்ரோல் வீண், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

*இன்ஜெக்‌ஷன் என்றால்:* சாவியைத் திருப்பியதும் 'உய்ங்' என்று ஃபியூயல் பம்ப் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை இரண்டு, மூன்று விநாடி பொறுங்க. பிறகு கிளட்ச்சைப் பிடித்து ஸ்டார்ட்டரை அழுத்துங்க. ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை சென்சார் சொல்லும். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை இசியூ முடிவு செய்யும்.

எந்த வண்டியானாலும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 5 விநாடிக்கு மேல் அழுத்தாதீங்க. பத்து விநாடியாவது இடைவெளி விடுங்க.

இ20 பெட்ரோலுக்குப் பங்கு உண்டா?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் விற்பனை தொடங்கி வைக்கப்பட்டதே பெங்களூருவில்தான், 2023 பிப்ரவரியில். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. எத்தனால் வண்டிகள் அதிகம் ஓடும் பிரேசில் இந்தச் சிக்கலை முன்பே பார்த்திருக்கிறது. 2009-இல் அங்கு ஹோண்டா கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் ஃபியூயல் பைக்கில், 15 டிகிரிக்குக் கீழே போனால் டேங்கில் குறைந்தது 20 சதவீதம் பெட்ரோல் இருக்கணும் என்பது நிபந்தனை. நம் கலவையில் பெட்ரோல் 80 சதவீதம் என்பதால், பெங்களூரு குளிரில் இ20 மட்டுமே வண்டியை நிறுத்திவிடாது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வெளியே நிறுத்தும் வண்டியில் டேங்க் மூடி சரியாக மூடுகிறதா என்று பாருங்க.

எவ்வளவு நேரம் வார்ம் அப்?

அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும். பிறகு முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டினால் இன்ஜின் தானாகச் சூடாகும். நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் உறுமவிடுவதில் லாபமில்லை. சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடான பிறகுதான் வேலை செய்யும். அதுவரை வெளிவருவது வடிகட்டாத புகை.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இதைச் செய்யவே செய்யாதீங்க. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, மூடிய இடத்தில் உயிரையே எடுக்கும். ஸ்டார்ட் ஆனதும் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்க.

அப்பவும் ஸ்டார்ட் ஆகலையா?

- கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு இரண்டையும் முதலில் பாருங்க.
- ஹார்ன் அடிங்க. சத்தம் மெலிந்திருந்தாலோ, ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 'டக் டக்' என்று மட்டும் கேட்டாலோ பேட்டரிதான் சிக்கல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல பேட்டரி. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றணும்.
- மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்க.
- தள்ளி ஸ்டார்ட் செய்வது கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. பேட்டரி முழுசா செத்த இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பே ஓடாது, தள்ளினாலும் பலன் கிடைப்பது கஷ்டம்.
- ஆயில் மாற்றும்போது மேனுவலில் உள்ள கிரேடையே கேளுங்க. 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும்.

லாங் வீக்கெண்டில் ஊட்டிக்கு ரைடு போகிறீர்களா? அங்கே ஜனவரியில் உறைபனி விழும், வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். பெங்களூருவிலேயே காலையில் மூணு தடவை அழுத்தினால்தான் பிடிக்கிற வண்டி, அங்கே மலை மேல் உங்களைக் கைவிடலாம். கிளம்புவதற்கு முன்பே பேட்டரியைச் செக் பண்ணிவிடுங்க.